என் மகள் நிக்காஹில் நான் பன்னீர் ஊற்றிக்கொண்டது ஏன்

இதை எழுத நாலு வருடம் தயங்கினேன். மூன்று முறை நோட்டைத் திறந்து "பிஸ்மில்லாஹ்" என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே மூத்திரம் என்று எழுத வேண்டி வருகிறதே என்று பயந்து மூடி வைத்துவிட்டேன். (ஆண்டவன் பேருக்குக் கீழே உடனே அதையா எழுதுவது? இந்த முறை நடுவில் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.) எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குற்றம் இல்லை.

தயக்கத்தைத் துரத்தியது கோபம்தான். யார் மேல் என்று கேட்டால், முதல் வரிசையில் நானே நிற்கிறேன். எனக்குப் பின்னால் என் வயது ஆண்கள் அத்தனை பேரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி எல்லாவற்றையும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். மூலத்தைக்கூட, பக்கத்தில் ஒருவன் போண்டா தின்றுகொண்டிருக்கும்போதே, வெட்கமில்லாமல் பேசுகிறோம். ஆனால் அங்கிருந்து நாலு விரற்கடை முன்னால் ஒரு நோய் வந்துவிட்டால் போதும், வாயைத் தைத்துக்கொள்கிறோம். அப்படி வாயைத் தைத்துக்கொண்டு என் மகள் கல்யாணத்தில் போய் உட்கார்ந்தவன் பட்ட பாடு இது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வத்தல் மிளகாய் மண்டி. முப்பத்தைந்து வருடமாக அந்த நெடியில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் வாசலில் கால் வைத்ததும் அடுக்கடுக்காகத் தும்முவார்கள். நான் தும்மவே மாட்டேன். மூக்கு மரத்துப்போயிருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அறுபத்திரண்டு வயதில் ராத்திரிக்கு நாலு தடவை எழுந்திருக்க வேண்டி வந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதையைத் துளி எடுத்துப் பார்த்தார்கள். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் கேன்சர். ஆண்டவன் கிருபையால் வெளியே பரவவில்லை. சுரப்பியை எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர்.

"எடுத்தப்புறம் கொஞ்ச நாள் யூரின் கசியும். பிறகு சரியாயிடும்" என்றார்.

"எத்தனை நாள்ல சரியாகும் டாக்டர்?"

"அது ஆளுக்கு ஆள் மாறும்."

ஆளுக்கு ஆள் மாறும்! ஒரு மூட்டை மிளகாய் வாங்கினால் நான் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியுமா? எந்த ஊர்க் காடு, மழையில் நனைந்ததா, களத்தில் எத்தனை நாள் காய்ந்தது, காம்பு உதிருமா, அடிமூட்டையும் இதே சரக்கா? பதினைந்து கேள்வியாவது கேட்பேன். என் சொந்த உடம்பை அறுக்கப் போகிறவரிடம், "ஆளுக்கு ஆள் எதனால மாறுது? எனக்கு அதெல்லாம் எப்படி இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்பே செய்து பழக வேண்டிய பயிற்சி, படம் போட்டு. இடுப்பெலும்பு, உள்ளே பை, கீழே தசை எல்லாம் கலரில் இருந்தன. மகள் பர்வீன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று மண்டிக்குக் கொண்டுபோய் மேசை டிராயரில் ஒளித்தேன். இரண்டாம் நாள் ஒரு வியாபாரி சாம்பிளுக்கு மிளகாய் கேட்டார். கைக்குக் கிடைத்த காகிதத்தில் இரண்டு கைப்பிடி மடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவரிடமிருந்து போன். "பாய், சரக்கு நல்லா இருக்கு. அந்தப் படம் எதுக்கு பாய்?" என்றார்.

அதோடு முன்பயிற்சி முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பத்துப் பதினைந்து நாள் மூத்திர டியூபோடு படுத்திருந்துவிட்டு, அதை எடுத்த அன்று கட்டிலிலிருந்து எழுந்து நின்றேன். நின்றதுதான் தெரியும். ஒரு வாளியைச் சாய்த்த மாதிரி. கீழே பார்த்தேன், நான்தான்.

வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு மண்டிக்குப் போனேன். கசிவு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று அங்கே காத்திருந்தது. மூன்று மாதம் நெடி இல்லாமல் இருந்ததில் என் மூக்கு பழக்கத்தை மறந்துவிட்டது! முப்பத்தைந்து வருடத்துத் தும்மல் அத்தனையும் வரிசைகட்டி வந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் கீழே ஒரு தவணை. பதினாலு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணி என்ன ஆகப்போகிறது? மடியில் ஒரு காலிச் சாக்கைப் போட்டுக்கொண்டு அன்று பூராவும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். (எந்த டாக்டரும் "நீங்க என்ன வியாபாரம் பண்றீங்க?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

என் மனைவி ஜமீலாவின் தம்பி சாகுல், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே எல்லா வியாதிக்கும் வைத்தியம் தெரிந்தவர். அவர் வந்தார்.

"மச்சான், தொட்டியில தண்ணி இருந்தாத்தானே பைப்பு ஒழுகும்? தண்ணிய நிறுத்துங்க. தாகம் எடுத்தா டீ குடிங்க. டீ சூடு, உள்ள இருக்கற தண்ணிய இழுத்துரும்."

எனக்கு அது பெரிய அறிவாளி பேச்சாகத் தெரிந்தது. தண்ணீரை நிறுத்தினேன். நாளுக்கு எட்டு டீ குடித்தேன். எரிச்சலும் அவசரமும் கூடின. இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குறைத்தேன்.

இதெல்லாம் உடம்போடு போயிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது தொழுகையில்தான். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்து சுத்தமாக நிற்க வேண்டும். ஒரு சொட்டு வந்தாலும் ஒளு முறிந்துவிடும். நான் ஒளு செய்துவிட்டு நிற்பேன். குனிவேன். சொட்டும். திரும்பப் போய்க் கழுவி, துணி மாற்றி, ஒளு செய்து நிற்பேன். குனிவேன். மறுபடியும் சொட்டும். ஒரு நாள் ஜமீலா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, டேங்க் காலி. நீங்க அஸர் தொழுவுறீங்களா, இல்ல பள்ளிவாசலயே கழுவி உடுறீங்களா?"

பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினேன். சுத்தமில்லாதவன் அந்த வரிசையில் எப்படி நிற்பது? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூடப் போகவில்லை. ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மார்க்கம் படித்தவர், வீட்டிலிருந்து நாலாவது தெரு. கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடுமே! பாங்கு சத்தம் கேட்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார்கள். நாமகிரிப்பேட்டைப் பெண், என் மகள் வயது. கூச்சமே இல்லாமல் விளக்கினாள்.

"ஏனுங்கய்யா, மூத்திரத்த நடுவுல அடக்குனா எந்த எடத்த இழுப்பீங்களோ, அந்த எடத்த மட்டும் மேல இழுங்க. வயித்த இறுக்கக் கூடாதுங்க. மூச்சப் புடிக்கக் கூடாதுங்க. அஞ்சு எண்ற வரைக்கும் புடிச்சுட்டு, அஞ்சு எண்ற வரைக்கும் உட்டுரோணும். வேளைக்குப் பத்து, மூணு வேளை. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதும்மா" என்றேன். புரியவில்லை. கூச்சத்தில் காது அடைத்துவிட்டது. உள்ளே போனது "பத்து" மட்டும்தான்.

வீடு வந்து யோசித்தேன். நாளுக்கு முப்பதுதானா? இது என்ன கஞ்சத்தனம்? அதிகம் செய்தால் அதிகக் கூலி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆண்டவன் பெயரைச் சொல்வதென்றாலும் முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று என்று எண்ணித்தான் பழக்கம். மக்காவுக்கு உம்ரா போய்வந்த என் தங்கை கொடுத்த தஸ்பீஹ் மணி ஒன்று இருந்தது, தொண்ணூற்றொன்பது மணி. கணக்குப் பிசகாமல் இருக்க அதைக் கையில் எடுத்தேன். ஒரு இழுப்புக்கு ஒரு மணி. ஒரு சுற்று முடிந்தால் இன்னொரு சுற்று. ஒரே வாரத்தில் நாளுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டேன்.

செய்த முறையைப் பாருங்கள். வயிற்றைக் கல்லாக இறுக்கி, மூச்சைக் கட்டி, பல்லைக் கடித்து, கண்ணை மூடி. எதையெல்லாம் கூடாது என்று அந்தப் பெண் சொன்னாளோ அதெல்லாம். காலையில் பரவாயில்லாமல் இருக்கும். சாயங்காலம் ஆனால் குழாய் உடைந்த மாதிரி ஓடும். இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இருநூறு கூட்டுவேன்.

மண்டியில் உட்கார்ந்தும் இதே வேலை. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? தலையில் தொப்பி, கையில் தஸ்பீஹ், மூடிய கண், சிவந்த முகம், நெற்றியில் புடைத்த நரம்பு. மூட்டை தூக்கும் முருகேசன் மற்றவர்களை அதட்டினான். "மெதுவா எறக்குங்கடா, பாய் தியானத்துல இருக்காரு!"

பேச்சு பரவிவிட்டது. குழந்தைக்குப் பயந்த கோளாறு என்று ஒரு தாய் தூக்கிக்கொண்டு வந்தார். "பாய், ஓதி ஊதிவிடுங்க." பிறகு இன்னொருவர். தண்ணீர்ப் பாட்டிலோடு இன்னும் நாலு பேர். இல்லை என்று எப்படிச் சொல்வது? காரணம் கேட்பார்களே! நான் உண்மையாகவே மனசார ஓதித்தான் ஊதினேன், அதில் பொய் இல்லை. ஆனால் ஊதினாலும் சொட்டும்.

இந்த நிலையில்தான் சேந்தமங்கலத்திலிருந்து யூசுஃப் பாய் வந்தார். பர்வீனுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அத்தா, என் சம்பந்தி ஆகப்போகிறவர். பர்வீனிடம் சொன்னது போலவே அவரிடமும் நான் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தேன். கேன்சர் என்றால் சம்பந்தம் நின்றுவிடுமோ என்று பயம். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார். போகும்போது கண் கலங்கி, "இந்த வியாபாரக் கூச்சல்லயும் இப்படி ஒரு வணக்கமா, இபாதத்தா! எங்களுக்காகவும் துஆ செய்ங்க சம்பந்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே சேந்தமங்கலம் முழுக்க நான் பெரிய மனிதனாகிவிட்டேன். மறுவாரம் ஓதி ஊதச் சொல்லித் தன் பேத்தியையும் மண்டிக்கு அனுப்பி வைத்தார்.

நிக்காஹ் நாள் நெருங்கியது. எங்களில் பெண்ணின் தகப்பன்தான் சபையில் மாப்பிள்ளை கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். சுத்தமில்லாமல் அதைச் சொல்வதா? என் சார்பில் சாகுல் சொல்லட்டும் என்றேன். பர்வீன் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஏன் அத்தா?"

"எனக்கு மேடையில உக்கார முடியாதும்மா. உடம்பு..."

"மண்டியில நாள் பூரா உக்காரறீங்க. மாமா எடுத்துக் கொடுக்கறதுக்கு நான் என்ன மொளகா மூட்டையா? உங்க வாயால சொல்லாட்டி, என்கிட்ட சம்மதம் கேக்க வர்றவங்ககிட்ட நான் மாட்டேன்னு சொல்லிருவேன். அப்புறம் அந்த மண்டபத்துல உக்காந்து நீங்களும் உங்க தஸ்பீயும் பதில் சொல்லுங்க."

சொன்னால் செய்கிறவள், என் மகள்தானே. ஜமீலா என்னைப் பார்த்தாள். "உள்ளதைப் பிள்ளைக்குச் சொல்லித் தொலைங்களேன்" என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் சொல்லவில்லை. "சரி, நானே கொடுக்கறேன்" என்றேன்.

அன்றைக்கு நான் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. விடியற்காலையிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பும்வரை எண்ணூறு இழுப்பு. தண்ணீர்தான் குடிக்கவில்லையே என்ற தைரியத்தில், தடித்த டயபரை விட்டுவிட்டு மெல்லிய பேடு ஒன்று வைத்துக்கொண்டேன். மேலே வெள்ளை ஜிப்பா, கீழே வெள்ளை வேட்டி. (வெள்ளை! ஒரு மிளகாய்க் கலரிலாவது கட்டியிருக்கக் கூடாதா?)

சேந்தமங்கலம் மண்டபம். மேடையில் வெள்ளை விரிப்பு. எனக்கு எதிரே மாப்பிள்ளை, பக்கத்தில் யூசுஃப் பாய், நடுவில் ஹஜ்ரத், கையில் மைக். முன்னால் தட்டில் பூ, கல்கண்டு, இரண்டு வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. உள்ளே பர்வீன் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று சாட்சிகள் வந்து சொன்னார்கள். ஹஜ்ரத் நிக்காஹ் உரையான குத்பாவை ஓதி முடித்தார். மாப்பிள்ளையின் கையை என் கையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் சாம்பிராணித் தட்டை மேடைக்குக் கொண்டுவந்து, நேராக என் மூக்குக்குக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க" என்று ஹஜ்ரத் மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"என் மகள் பர்..." என்றேன். தும்மினேன். மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் தும்மினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது, மிளகாய் மண்டியில்கூட வராத அளவுக்கு ஒன்று. காலையிலிருந்து எண்ணூறு முறை வேலை வாங்கியிருந்த தசை அப்போதே கையை விரித்துவிட்டது. சூடாக இறங்கியது. குனிந்து பார்த்தேன். தண்ணீரை நிறுத்தினால் மூத்திரம் நிற்காது, மஞ்சளாகும் என்று சாகுல் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளை வேட்டியில் மாம்பழக் கலரில் ஒரு வட்டம், என் கண் எதிரே பெரிதாகிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடினால் அத்தனை கண்ணும் பார்க்கும், நிக்காஹும் பாதியில் நிற்கும். அப்படியே உட்கார்ந்திருந்தால் வாடை வந்துவிடும். என் இடது கை தானாகப் போய்ப் பன்னீர்ச் செம்பை எடுத்தது. மடியில் கவிழ்த்தேன். அது தெளிக்கிற செம்பு, ஊற்றுகிற செம்பு இல்லை. சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. (நீயுமா என்று அதன்மேல் ஒரு கோபம் வந்தது பாருங்கள்!) மாப்பிள்ளை கையை விட்டுவிட்டு மூடியைத் திருகி எடுத்து, இருந்தது மொத்தத்தையும் மடியில் ஊற்றினேன்.

ஹஜ்ரத் வாயைத் திறந்தபடி இருந்தார். யூசுஃப் பாய் என் மடியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவது செம்பை எடுத்தார், மூடியைத் திருகினார், தன் மடியில் ஊற்றிக்கொண்டார்.

என் காதோரம் குனிந்து, "சொல்லி முடிங்க சம்பந்தி. எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

மாப்பிள்ளை கையை மறுபடி பிடித்தேன். என் மகள் பெயரைச் சொன்னேன், மாப்பிள்ளை தரும் மஹர் தொகையைச் சொன்னேன், "நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்றேன். குரல் உடைந்தது. மகளைக் கொடுத்த உருக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும்தான். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டேன் என்றார். அதற்குள் கீழே முன்வரிசையில், இது ஏதோ சேலத்து வழக்கம் என்று எண்ணி, மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் வேறொரு செம்பைத் தேடிப்பிடித்துத் தன் மடியிலும் ஊற்றிக்கொண்டார். போட்டோக்காரர் ஓடி வந்தார்.

"பாய், படம் சரியா விழல. இன்னொருக்கா ஊத்துங்களேன்!"

துஆ முடிந்ததும் எங்கள் இருவரையும் பின்னறைக்குத் துண்டோடு அனுப்பினார்கள். கதவைச் சாத்தியதும் என் கோபம் வெடித்தது.

"ரெண்டு வருஷமா? எதிர உக்காந்து அரை மணி நேரம் பாத்தீங்களே, அன்னிக்கு வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீங்க குடலிறக்கம்னு சொன்னீங்க! நானும் எங்கூட்டுல கல்லடைப்புன்னு சொல்லி வச்சிருக்கறன். கேன்சர்க்காரன் மவனுக்குப் பொண்ணு தரமாட்டீங்கன்னு பயந்தனுங்க."

"நான் கேன்சர்க்காரன் மவளக் கட்டமாட்டீங்கன்னு பயந்தேன்!"

இரண்டு கிழவர்கள் ஈர வேட்டியோடு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"இவ்வளவு தஸ்பீஹ் ஓதற உங்களுக்கே இன்னும் நிக்கலீங்களா?"

"அது தஸ்பீஹ் இல்ல சம்பந்தி. இழுப்பு எண்ணினேன்."

"எந்த இழுப்பு?"

சொன்னேன். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. "அப்ப என் பேத்திக்கு ஊதுனது?"

"அது நிஜமா ஓதித்தான் ஊதினேன்!"

ஹஜ்ரத் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. எங்கள் ஹஜ்ரத், சேலத்திலிருந்து நான் அழைத்துப் போனவர். முழுவதையும் கேட்டிருக்கிறார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"ஏழு மாசமா பள்ளிக்கு வராததுக்கு இதுதான் காரணமா? நிக்காம சொட்டுற ஆளுக்கு மார்க்கம் வழி வச்சிருக்கு பாய். தொழுகை நேரம் வந்ததும் சுத்தம் பண்ணி, துணி கட்டி, ஒளு செஞ்சு, உடனே தொழுங்க. அதுக்கப்புறம் தானா சொட்டினா உங்க மேல குத்தமில்ல. இதைக் கேக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? நிக்காஹ் சொல்றதுக்கு ஒளு கட்டாயமே இல்லயே! யார் சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மாதப் பள்ளிவாசலை, கேட்காத ஒரு கேள்விக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன். அந்த ஈர வேட்டியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மறுவாரம் யூசுஃப் பாயையும் இழுத்துக்கொண்டு அந்த நாமகிரிப்பேட்டைப் பெண்ணிடம் போனேன். இந்த முறை கூச்சத்தை மண்டியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"ஒரு நாளைக்கு எத்தனைங்க பண்ணுனீங்க?"

"ஆயிரம். சில நாள் ஆயிரத்து இருநூறு."

"அட சாமி!" என்று தலையில் கை வைத்தாள். "தசையும் மூட்டை தூக்கற ஆள் மாதிரித்தானுங்கய்யா. ஆயிரம் மூட்டை தூக்கச் சொன்னா பொழுது சாயறப்ப அவன் படுத்துக்குவான். அதான் உங்களுக்குச் சாயங்காலம் ஓடுது. இழுக்கறது எவ்வளவு முக்கியமோ, உட்டு ஓய்வு குடுக்கறதும் அவ்வளவு முக்கியம்."

"டாக்டர் ஆளுக்கு ஆள் மாறும்னாரே, எதனாலம்மா மாறுது?" என்று கேட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் தாமதமாக, அந்த ஒரு கேள்வியை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். சிலது நம் கையில் இல்லையாம். வயது, ஆபரேஷனுக்கு முன்பே மூத்திரப்பை எப்படி இருந்தது, கேன்சர் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது, அதைச் சுற்றியுள்ள நரம்பையும் அடைக்கிற தசையையும் குழாயின் நீளத்தையும் டாக்டரால் எவ்வளவு காப்பாற்ற முடிந்தது, பிறகு ரேடியேஷன் என்கிற கரண்ட் வைத்தியம் தேவைப்பட்டதா. சிலது நம் கையில் இருக்கிறதாம். என் தொப்பையைக் காட்டினாள். யூசுஃப் பாயின் பீடி இருமலைக் காட்டினாள். சர்க்கரை, மலச்சிக்கல், டீ. "தண்ணியக் கொறைச்சா மூத்திரம் கெட்டியாகிப் பையை எரிக்குமுங்க. அப்பத்தான் அவசரம் கூடும். தண்ணி குடிங்க, டீயக் கொறைங்க. தும்மல் வருதுன்னு தெரிஞ்சதும் மொதல்ல அந்த எடத்த இழுத்துப் புடிச்சுட்டுத் தும்முங்க." கடைசியாக, "ஆபரேஷனுக்கு முன்னாடியே பழகச் சொல்லி ஒரு பேப்பர் குடுத்திருப்பாங்களே, அத என்னங்க பண்ணுனீங்க?" என்றாள்.

என்ன பண்ணினேன் என்று சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன்.

முறையாகச் செய்து, எனக்குப் பெரும்பாலும் நிற்க இன்னும் ஆறேழு மாதம் பிடித்தது. இப்போதும் புது லோடு பிரிக்கிற அன்று பேடு வைத்துக்கொள்வேன். யூசுஃப் பாய்க்குப் பயிற்சி மட்டும் போதவில்லை. டாக்டரிடம் போய் வேறு வைத்தியம் பார்த்துக்கொண்டார். இருமலும் பீடியும் போனதில் அவர் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் ஐந்து வேளையும் பள்ளிவாசலில் வரிசையில் நிற்கிறேன். தஸ்பீஹ் இப்போது தஸ்பீஹுக்குத்தான்.

பர்வீனிடம் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள், பிறகு அடித்தாள் (முதுகில், செல்லமாக இல்லை), பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. வீட்டில் மாப்பிள்ளை குரலை உயர்த்தினால் போதும், "எங்கத்தா என்ன சும்மா குடுத்தாரா? நனைஞ்சு குடுத்தாரு!" என்பாள். அதோடு மாப்பிள்ளை வாயை மூடிவிடுவார்.

அது வீட்டுக்குள் இருக்கும் வரை சரி. ஊர் என்ன செய்தது தெரியுமா? அன்று எனக்கு ஆன்மீக உருக்கம் வந்துவிட்டதாம். சம்பந்திக்கும் அது தொற்றிக்கொண்டதாம். போன வருடம் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்குப் போயிருந்தேன். மேடையில் இரண்டு தகப்பன்மாரும் ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பன்னீர்ச் செம்பின் மூடியைத் திருகி, மடியில் ஊற்றிக்கொண்டார்கள். "உங்க வழக்கம்தான் பாய், ரொம்ப பரக்கத்தா இருக்கு" என்று என்னிடமே ஒருவர் சொன்னார். ஹஜ்ரத் மேடையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். ரத்தம் கொதித்தது எனக்கு. அந்த இரண்டு தகப்பன்களில் ஒருவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். இவருக்குமா? கேட்க நினைப்பதற்குள் பந்திக்குப் போய்விட்டார்.

அன்றே நோட்டை நாலாவது முறையாகத் திறந்தேன். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் அத்தாவுக்கு, அண்ணனுக்கு, மாமனுக்கு, பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். எழுதியது எழுதியபடி சொல்லுங்கள். உருக்கம், பரக்கத், கராமத், அற்புதம் என்று ஒன்றையும் சேர்க்காதீர்கள். என் மரியாதை போகுமே என்று ஒன்றையும் எடுக்காதீர்கள். அப்படி எதையாவது விட்டுத்தான் சொல்ல வேண்டுமென்றால் பன்னீரை விட்டுவிடுங்கள். மூத்திரத்தை விட்டுவிடாதீர்கள்.